குண்டு பட்ட காலை ஏன் வெட்டி எடுத்தார்கள்?

உக்ரைன் போர்ச் செய்திகளில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. ரத்தப்போக்கை நிறுத்த வீரனின் தொடையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்கள். அதனால் உயிர் பிழைக்கிறான். ஆனால் அந்தப் பட்டையை மணிக்கணக்கில் அவிழ்க்க முடியாமல் போனதால் கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாகிறது. இவ்வளவு மருந்தும் கருவியும் வந்த பிறகும் இப்படி ஏன் நடக்கிறது?

இதற்கு நேர் எதிரான இன்னொரு படம் சினிமாவிலிருந்து நம் மனதில் பதிந்திருக்கிறது. நாயகனுக்குத் தோளில் குண்டு பட்டிருக்கும். நண்பன் கத்தியை நெருப்பில் காட்டித் தோட்டாவை நெம்பி எடுத்துத் தட்டில் போடுவான். அவ்வளவுதான், நாயகன் எழுந்துவிடுவான். தோட்டா வெளியே வந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நாமும் நம்பிக்கொள்கிறோம்.

உண்மையில் தோட்டா உள்ளேயே தங்கிவிட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை. மூட்டுக்குள் கிடந்தாலோ, நரம்பையோ ரத்தக்குழாயையோ அழுத்தினாலோ எடுப்பார்கள். மற்றபடி இன்றும் பலருடைய உடம்பில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கையையும் காலையும் உயிரையும் பறித்தவை, தோட்டா போன வழியில் விட்டுச்சென்ற செத்த சதையும் அதோடு உள்ளே நுழைந்த அழுக்கும். இதைப் புரிந்துகொள்ள அறுவை மருத்துவத்துக்குச் சுமார் 400 ஆண்டுகள் ஆயின.

அடிப்படை: குண்டு பட்ட காலுக்குள் என்ன நடக்கிறது?

1. ரத்தப்போக்கு. தொடையில் ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். (இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்தான் தமனி.)

2. எலும்பு நொறுங்குவது. கீழே விழுந்து எலும்பு முறிந்தால் மேலே தோல் மூடியிருக்கும், கிருமி உள்ளே போக வழியில்லை. குண்டு பட்ட எலும்போ வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கிறது. இதைத் திறந்த முறிவு என்பார்கள். கிருமிகளைப் பற்றிப் புரிவதற்கு முன்பு, திறந்த முறிவு என்றாலே மருத்துவர்களுக்குக் கலக்கம்தான்.

3. சதை சாவது. வேகமாகப் போகும் தோட்டா தன் அகலத்துக்கு மட்டும் துளை போடுவதில்லை. சுற்றியுள்ள தசையை ஒரு கணம் பக்கவாட்டில் விரித்துத் தள்ளுகிறது. அந்தத் தசை மறுபடி கூடிவிடும், ஆனால் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிழிந்திருக்கும். வெளியே விரல்நுனி அளவு ஓட்டை, உள்ளே கைப்பிடி அளவு செத்த தசை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

4. அழுக்கு. சட்டைத்துணி, மண், தோல் துணுக்கு எல்லாம் தோட்டாவோடு உள்ளே இழுக்கப்படுகின்றன. சுடும்போது ஏற்படும் சூட்டில் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை.

இந்த நான்கில் மூன்றாவதும் நான்காவதும் சேரும் இடத்தில்தான் விபரீதம். செத்த தசைக்கு ரத்தம் வராது. ரத்தம் வராத இடத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் வராது, மருந்தும் போய்ச்சேராது. கிருமிக்கு இதைவிடப் பாதுகாப்பான வீடு கிடையாது.

கொதிக்கும் எண்ணெய்

ஐரோப்பியப் போர்க்களங்களில் துப்பாக்கி பரவியபோது மருத்துவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். வாள்வெட்டு ஆறியது போலக் குண்டுக்காயம் ஆறவில்லை, அழுகியது. வெடிமருந்தில் நஞ்சு இருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். போப் இரண்டாம் ஜூலியஸின் அறுவை மருத்துவராக இருந்த ஜியோவான்னி தா வீகோ 1514இல் வெளியிட்ட நூலில் இதை எழுதினார். நஞ்சென்றால் சுட்டு முறிக்க வேண்டும். ஆகவே காயத்துக்குள் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள்.

1537 வாக்கில் பிரெஞ்சுப் படை இத்தாலியின் டூரின் பக்கம் போனது. கூடவே அம்புருவாஸ் பாரே என்ற இளைஞர் போனார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல, நாவிதராகவும் அறுவை வைத்தியராகவும் தொழில் பழகியவர். அன்றைய ஐரோப்பாவில் இந்த இரண்டும் ஒரே தொழில். (தமிழ்நாட்டிலும் நாவிதர்களுக்கு 'மருத்துவர்' என்ற பெயர் உண்டு, அவர்களும் புண்ணுக்கும் கட்டிக்கும் வைத்தியம் பார்த்தவர்கள்.) ஒருநாள் காயம்பட்டவர்கள் அதிகமாகி எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து மீதிப் பேருக்குப் போட்டுவிட்டார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை. எண்ணெய் படாதவர்கள் நஞ்சேறிச் செத்துக்கிடப்பார்கள் என்ற பயம். விடியுமுன் எழுந்து போய்ப் பார்த்தால், கலவை போட்டவர்கள் அதிக வலியோ வீக்கமோ இல்லாமல் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனி இப்படி யாரையும் சுடமாட்டேன் என்று முடிவெடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1545இல், லத்தீன் தெரியாத தொழிலாளிகளும் படிக்கட்டும் என்று பிரெஞ்சு மொழியிலேயே நூலாக வெளியிட்டார்.

பாரேயின் இன்னொரு கொடை ரத்தக்குழாயை நூலால் கட்டுவது. அதுவரை காலை அறுத்ததும் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொசுக்குவார்கள். 1552இல் தான்விலேர் முற்றுகையில் அவர் குழாய்களைப் பிடித்து நூலால் கட்டினார். ஆனால் கட்டிமுடிக்கும்வரை ரத்தத்தை அடக்க வேண்டுமே! அதற்கு நம்பகமான கருவி 1718 வாக்கில்தான் கிடைத்தது. பாரிஸின் ழான் லூயி பெத்தீ திருகாணி வைத்த டூர்னிகேட்டை உருவாக்கினார். இன்று உக்ரைனில் கட்டப்படும் பட்டையின் மூதாதை அதுதான்.

எப்போது வெட்டுவது?

காலை எடுப்பது அன்றைய மருத்துவர்களின் மூர்க்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்வது அநியாயம். கிழிந்து, நொறுங்கி, மண் புகுந்த காயத்தைச் சுத்தமாக்கும் வழி அவர்களிடம் இல்லை. அதற்கு மேலே நல்ல சதையில் ஒரு நேர்வெட்டு போட்டால், ஆறாத காயம் ஆறக்கூடிய காயமாக மாறுகிறது. காலைக் கொடுத்து உயிரை வாங்கும் கணக்கு அது.

பிரச்சினை நேரம். உடனே வெட்டுவதா, காய்ச்சலும் சீழும் அடங்கட்டும் என்று சில வாரம் பொறுப்பதா? 18ஆம் நூற்றாண்டு முழுக்க இதில் சண்டை நடந்தது. பிரஷ்யப் படையின் தலைமை அறுவை மருத்துவர் பில்குவர், வெட்டவே தேவையில்லாத கால்களை வெட்டுகிறார்கள் என்று 1761இல் எழுதினார். லண்டனின் ஜான் ஹன்டர், காயத்தைத் தேவையில்லாமல் கிளறாதீர்கள் என்றார். 

நெப்போலியனின் மருத்துவர் டொமினிக் லாரே எதிர்ப்பக்கம் நின்றார். வெட்டுவதென்றால் முதல் 24 மணி நேரத்துக்குள் வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. அதிர்ச்சியில் உடம்பு மரத்திருக்கும், அழுகல் தொடங்கியிருக்காது, நொறுங்கிய காலோடு மேடுபள்ளப் பாதையில் வண்டியில் போகும் சித்திரவதையும் மிச்சம். சொன்னதோடு நிற்காமல், காயம்பட்டவர்களைச் சண்டை நடக்கும்போதே தூக்கிவர இலகுவான குதிரைவண்டிகளை அமைத்தார். 1812இல் போரோடினோவில் ஒரே நாளில் சுமார் 200 உறுப்புகளை அறுத்தார். அப்போது மயக்க மருந்து கிடையாது. இந்த விவாதத்தில் லாரேதான் சரி என்று பிற்காலக் கணக்குகள் காட்டின.

மினியே தோட்டாவும் அமெரிக்க உள்நாட்டுப் போரும்

பழைய துப்பாக்கி ஈய உருண்டையைச் சுட்டது. 1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே வேறொரு தோட்டாவை வடிவமைத்தார். கூம்பு முனை, குழிந்த அடிப்பாகம், மெத்தென்ற ஈயம். குறி தவறாமல் தூரம் போகும். ஆனால் எலும்பில் பட்டால் நசுங்கிப் பரந்து எலும்பைச் சில்லுச்சில்லாக உடைத்துவிடும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் இதைத்தான் சுட்டார்கள். அகலம் சுமார் 14.7 மில்லிமீட்டர். இன்றைய ராணுவத் துப்பாக்கித் தோட்டாக்கள் பல இதில் பாதிகூட இருக்காது.

மருத்துவரிடம் உயிரோடு வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் கையிலோ காலிலோதான் காயம். தலையிலும் வயிற்றிலும் பட்டவர்கள் பலர் களத்திலேயே போய்விட்டார்கள். மருத்துவர் முன் மூன்று வழிகள் இருந்தன.

1. அறுத்து எடுப்பது.
2. நொறுங்கிய எலும்புத் துண்டை மட்டும் நீக்கிக் கையைக் காப்பாற்றப் பார்ப்பது. தோளிலும் முழங்கையிலும் ஓரளவு பலித்தது. நேரமும் கைத்திறனும் வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் கிடக்கும்போது இரண்டும் கிடைக்காது.
3. தப்பை வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருப்பது. தொடையெலும்பு முறிவில் இது பெரிய சூதாட்டம்.

வட மாகாணப் படையில் மட்டும் சுமார் 30,000 உறுப்பு நீக்கங்கள் பதிவாகியுள்ளன. ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார். ஆனால் இந்தச் சராசரி முழுக்கதையைச் சொல்லாது. விரலை எடுத்தவர் சாவது அபூர்வம். தொடையில் வெட்டியவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இடுப்பு மூட்டிலேயே எடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர். வெட்டு உடம்பை நெருங்க நெருங்கச் சாவும் நெருங்கியது.

வீரர்கள் தோட்டாவைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கினார்கள் என்ற கதை இந்தப் போருக்குப் பொருந்தாது. பெரும்பாலான அறுவைகள் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் மயக்கத்தில் நடந்தன. அவர்களுக்குத் தெரியாமல் போனது கிருமி. ஒருவர் காயத்தைத் துடைத்த பஞ்சை நீரில் அலசி அடுத்தவருக்குப் பயன்படுத்தினார்கள். வெள்ளையாகக் கெட்டிச் சீழ் வந்தால் நல்ல அறிகுறி என்று மகிழ்ந்தார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத, இரவுபகல் உழைத்த மனிதர்களின் கையே நோயைப் பரப்பியது என்பதுதான் இதில் தாங்க முடியாத பகுதி.

தென் மாகாணத் தளபதி 'ஸ்டோன்வால்' ஜாக்சனின் முடிவும் இதோடு சேர்ந்தது. 1863 மே 2 இரவு, இருட்டில் தன் படையினரே தவறுதலாகச் சுட்டதில் இடது கை நொறுங்கியது. கையை எடுத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது, ஆனால் எட்டு நாளில் நிமோனியாவில் இறந்தார்.

லிஸ்டர் தந்ததும் தராததும்

அந்தப் போர் முடிந்த அதே 1865இல், கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வண்டிச்சக்கரம் ஏறித் திறந்த முறிவோடு வந்த 11 வயதுச் சிறுவனின் காலில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியைச் சுற்றினார். சீழ் வைக்கவில்லை. எலும்பு கூடி, பையன் நடந்து வீடு போனான். 

போர்க்களம் உடனே மாறிவிடவில்லை. 1870–71 பிரான்ஸ்–பிரஷ்யப் போரில் பிரெஞ்சுத் தரப்பு செய்த சுமார் 13,000 உறுப்பு நீக்கங்களில் 10,000 பேர் இறந்தார்கள். அமெரிக்கப் போரைவிட மோசம்.

ஏமாற்றிய போர்

1899இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் போயர் போர் மருத்துவர்களுக்குத் தவறான பாடத்தைக் கற்பித்தது. செம்பு நிக்கல் உறையிட்ட மெல்லிய தோட்டாக்கள் நசுங்காமல் துளைத்துக்கொண்டு போயின. புல்வெளியோ வறண்டது, உழுது எருவிடாத மண். காயத்தைத் தொடாமல் மருந்துத்துணி வைத்துக் கட்டினாலே பலருக்கு ஆறிவிட்டது. ஆகவே கிளறாதே, கட்டு, காத்திரு என்பது விதியாயிற்று.

(காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை காயம்பட்டவர்களைச் சுமந்தது இந்தப் போரில்தான். சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகள், அந்த மக்களில் தமிழர்கள் ஏராளம். டோலியில் தூக்கிக்கொண்டு ஒருநாளைக்கு 20 மைலுக்கு மேல் நடந்தார்கள். நொறுங்கிய காலுக்கு மாட்டுவண்டியைவிட மனிதத் தோள் எவ்வளவு இதம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

உறையைக் குறைத்து ஈயமுனையை வெளியே விட்ட தோட்டா கல்கத்தா அருகே டம் டம் தொழிற்சாலையில் 1890களில் உருவானது. மினியே தோட்டா போலவே உடம்புக்குள் பட்டதும் விரியும். 1899 ஹேக் மாநாடு இத்தகைய தோட்டாக்களுக்குத் தடை போட்டது.

1914: எருவிட்ட மண்

முதல் உலகப் போரின் மேற்கு முனையில் எல்லாமே தலைகீழ். அது பல நூற்றாண்டுகளாகக் குதிரைச்சாணம் கொட்டி உழுத நிலம். சாணத்தில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பெருகும். செத்த தசை அவற்றுக்கு வாகான இடம். காயம்பட்ட ஓரிரு நாளில் கால் உப்பும். அழுத்தினால் தோலுக்கடியில் காற்று நறநறக்கும். நாற்றம் வரும். வாயு அழுகல் எனப்படும் இந்த நோயில் மனிதன் சில மணி நேரத்திலேயே போய்விடுவான். போயர் போரின் விதியை நம்பிக் காயத்தைத் தைத்து மூடியவர்கள், அறியாமல் கிருமியை உள்ளே வைத்துத் தைத்தார்கள்.

கிருமிநாசினி ஊற்றினால் போதாதா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக அழகான பதிலைத் தந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பெனிசிலின் கண்டுபிடிப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்பு, பிரான்சின் பூலோன் நகர ராணுவ மருத்துவமனையில் இருந்தார். ஒரு சோதனைக்குழாயைச் சூடாக்கி அதன் சுவரிலிருந்து கூரான பொந்துகளை இழுத்துவிட்டார், உள்ளே சந்துபொந்துகள் நிறைந்த காயம் போல. கிருமி கலந்த திரவத்தை ஊற்றிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியால் நிரப்பிக் கொட்டினார். பின் சுத்தமான திரவம் ஊற்றி வைத்தார். மறுபடியும் கிருமி வளர்ந்தது. மருந்து அந்தப் பொந்துகளுக்குள் போகவே இல்லை.

பெல்ஜிய மருத்துவர் அன்துவான் தெபாஜ் போன்றவர்கள் நிலைநிறுத்திய வழி இப்படிப் போனது.

1. காயத்தை அகலத் திற. 
2. செத்த தசையை வெட்டி எடு. கிள்ளினால் சுருங்காத, வெட்டினால் ரத்தம் கசியாத தசை செத்த தசை.
3. துணி, மண், ஒட்டாத எலும்புச் சில்லுகளை எடு.
4. தைக்காதே, திறந்தே விடு. 
5. சில நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் மட்டும் தைத்து மூடு.

இதற்கு வழங்கும் பிரெஞ்சுச் சொல் தெப்ரீத்மான். நேர்ப்பொருள், கடிவாளத்தை அவிழ்ப்பது. முதலில் இறுகிய உறைகளைக் கீறி வீக்கத்துக்கு இடம் கொடுப்பதை மட்டும் குறித்தது, பின்னால் செத்ததை நீக்குவதையும் சேர்த்துக்கொண்டது. குண்டுக்காய வைத்தியத்தில் ஒரே ஒரு கண்டுபிடிப்பைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன், பெனிசிலினை அல்ல.

எலும்பை அசையாமல் பிடிப்பது அடுத்தது. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் 19ஆம் நூற்றாண்டில் இடுப்படியில் ஒரு வளையமும் காலின் இருபுறம் இரும்புக்கம்பியும் கொண்ட தப்பையைச் செய்திருந்தார். அவருடைய மனைவியின் உடன்பிறந்தார் மகனான ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனைக்குக் கொண்டுவந்தார். தொடையெலும்பு ஆடினால் ஒவ்வொரு குலுக்கலிலும் ரத்தம் வடியும், சில்லுகள் தசையைக் கிழிக்கும். போரின் தொடக்கத்தில் குண்டடிபட்ட தொடை முறிவில் 80 சதவீதம் பேர் இறந்ததாக அன்றைய ராணுவ மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். 1917இல் அராஸ் சண்டையில் 1,009 பேரில் இறப்பு 15.6 சதவீதம். இதன் புகழ் முழுவதும் தாமஸ் தப்பைக்கே போய்விட்டது. அது முழுச்சரி அல்ல. செத்த தசையை வெட்டுவதும் ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சிக்கான சிகிச்சையும் அதே காலத்தில்தான் மேம்பட்டன.

ஸ்பெயினின் மாவுக்கட்டு

ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவின் யூசெப் த்ருவெத்தா செத்ததை வெட்டுவது, எலும்பை அசையாமல் பிடிப்பது இரண்டையும் இணைத்தார். காயத்தைக் கழுவி, செத்ததை வெட்டி, திறந்தே விட்டு, அதன் மேலேயே மாவுக்கட்டு போட்டுவிடுவார். நாற்றம் சகிக்காது, ஆனால் கால் பிழைத்தது. 1,073 பேரில் இறந்தவர்கள் 6 பேர் மட்டுமே. எதிர்ப்புயிரி (ஆன்டிபயாடிக்) மருந்துகள் பரவலாவதற்கு முன்பு கிடைத்த எண் இது.

அறுந்த தமனி

அப்புறம் எஞ்சிய சிக்கல் ரத்தக்குழாய். பாரே காட்டியபடி தமனியைக் கட்டினால் உயிர் தங்கும், ஆனால் கீழே உள்ள காலுக்கு ரத்தம் நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரின் 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து 1946இல் எழுதினார்கள். தமனியைக் கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உறுப்பை இழந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி அறுந்திருந்தால் பத்துக்கு ஏழு பேர். 

குழாயைத் தைக்கும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்து அலெக்சிஸ் கரேல் 1912இல் நோபல் பரிசே வாங்கிவிட்டார். களத்தில் பயன்படாததற்குக் காரணம் நேரம். அடிபட்டவர் மருத்துவரை அடையும் முன்பே தசை செத்துவிடும். கொரியப் போரில் ஹெலிகாப்டரும் முனைக்கு அருகிலேயே அறுவைக்கூடமும் வந்தன. தமனியைத் தைத்தார்கள். உறுப்பிழப்பு சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியது.

மறுபடி அந்தப் பட்டை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். டூர்னிகேட் அடிபட்ட தமனியை மட்டும் அடைப்பதில்லை, கட்டுக்குக் கீழே உள்ள முழுக்காலின் ரத்தத்தையும் நிறுத்துகிறது. பொதுவாக 2 மணி நேரம்வரை தசை தாங்கும். அதற்குமேல் சேதம் ஏறிக்கொண்டே போகும். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் மருத்துவமனைக்கு வெளியே அதை அவிழ்க்கக்கூடாது என்பது இன்றைய ராணுவ மருத்துவ விதி. செத்த தசையில் தேங்கிய பொட்டாசியமும் கழிவுகளும் ஒரேயடியாக இதயத்துக்குப் பாய்ந்தால் அங்கேயே உயிர் போகலாம்.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க வீரர்களுக்கு இந்தப் பட்டை நன்மையே செய்தது. பெரும்பாலும் ஹெலிகாப்டர் சீக்கிரம் வந்தது, பட்டை இரண்டு மணி நேரத்துக்குள் கழன்றது. உக்ரைன் முனையில் வானத்தில் ட்ரோன்கள் சுற்றுகின்றன. ஹெலிகாப்டர் வர முடியாது, வண்டியும் இரவுக்காகக் காத்திருக்கிறது. கொரியாவில் குறைந்த நேரம் மறுபடி நீண்டுவிட்டது. ஆகவே பட்டை உண்மையிலேயே தேவையா என்று இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பப் பார்ப்பதையும், தேவையில்லாவிட்டால் காயத்தைத் துணியால் அடைத்து அழுத்திக் கட்டிவிட்டுப் பட்டையைத் தளர்த்துவதையும் களத்தில் உள்ளவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். பட்டை கட்டியதும் அதன்மேல் பேனாவால் நேரத்தை எழுதச் சொல்வதும் இதற்காகத்தான்.